லாரித் தொழிலுக்கு வரும் பெண்களுக்கு: ஸ்டியரிங்குக்கு முன்னால் வாடகைக் கணக்கு

2006இல் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். போன் அடித்தால் எடுத்து "வணக்கம்ங்க" என்பேன். எதிர்முனையில் ஒரு நொடி சத்தம் இருக்காது. பிறகு, "அம்மிணி, ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனைக் குடு" என்பார்கள். நானும் கொடுத்துவிடுவேன். மூன்றாவது வாரம் முதலாளி வெளியூர் போயிருந்தார், போனைக் கொடுக்க ஆளில்லை. சேலத்திலிருந்து மும்பைக்கு ஜவ்வரிசி ஏற்ற ஒரு பார்ட்டிக்கு, அதாவது சரக்கு அனுப்புகிறவருக்கு, பத்துச் சக்கர வண்டி தேவைப்பட்டது. "வாடகை நான்தான் பேசுறேங்க. எத்தனை டன், எங்க எறக்கணும்னு சொல்லுங்க" என்றேன். சொன்னார். வண்டி போனது. அதற்கப்புறம் அந்தப் பார்ட்டி, முதலாளி இருந்தாலும், "அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க" என்றுதான் கேட்பார்.

இன்று சொந்தமாக ஒரு சின்ன ஆபீசும் நான்கு வண்டிகளும் வைத்திருக்கிறேன். என்னிடம் வந்து "அக்கா, இந்தத் தொழிலுக்கு வரலாமா?" என்று கேட்கிற பெண்கள் பெரும்பாலும் இரண்டு வகை. வண்டி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் ஒரு வகை. வீட்டுக்காரர் பேரில் இருந்த லாரி திடீரென்று தன் தலையில் விழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் இன்னொரு வகை. இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான். முதலில் ஒரு டிரிப்பின் பணம் எங்கிருந்து கிளம்பி, எங்கெங்கே நின்று, எப்போது கைக்கு வருகிறது என்று படியுங்கள். அது தெரிந்த பெண்ணை இந்தத் தொழிலில் யாரும் ஓரமாக உட்கார வைக்க முடியாது.

எங்கே சேர்வது

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் என்று எங்கள் வட்டாரத்தில் லாரி ஆபீசுகளுக்குப் பஞ்சமில்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி அதிகம், நாமக்கல்லில் கேஸ் டேங்கரும் டிரெய்லரும் அதிகம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு மாதவரம், எண்ணூர், ஸ்ரீபெரும்புதூர் இருக்கின்றன.

புதிதாக வருகிற பெண்ணுக்கு நான் முதலில் கை காட்டுவது ஒரு தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவை. அங்கே பகல் வேலை, நிலையான சம்பளம், கூட வேலை பார்க்கும் பெண்களும் இருப்பார்கள். லாரியை வாடகைக்கு எடுக்கிற பக்கத்திலிருந்து தொழிலைப் பார்க்கலாம். ஒன்று, ஒன்றரை வருடம் கழித்து புக்கிங் ஆபீசுக்கு வந்தால் பேரத்தின் இரண்டு பக்கமும் தெரிந்திருக்கும். நான் நேராக புக்கிங் ஆபீசில் சேர்ந்தேன். பார்ட்டி ஏன் அவசரப்படுகிறார், ஏன் பணத்தை இழுத்தடிக்கிறார் என்று புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

பார்சல் சர்வீஸ் குடோனும் நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனால் அங்கே வேலை சூடு பிடிப்பதே சாயங்காலத்துக்கு மேல். வீடு திரும்ப வண்டி வசதி உண்டா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

லோடு எடுக்கும்போது கேட்க வேண்டியவை

முதல் மாதம் ஒரு நோட்டு போடுங்கள். ஆபீசிலிருந்து போகும் ஒவ்வொரு வண்டிக்கும் தேதி, வண்டி எண், சக்கரம், சரக்கு, எடை, ஏற்றிய இடம், இறக்கும் இடம், பேசிய வாடகை, அட்வான்ஸ், பேலன்ஸ் என்று எழுதுங்கள். முப்பது நாள் எழுதினால் ஊருக்கு ஊர் டன் வாடகை மனப்பாடமாகிவிடும். ரேட் தெரியாமல் போனை எடுப்பதால்தான் "ஆம்பளை இருந்தா குடு" என்பதற்குப் பதில் சொல்ல முடியாமல் போகிறது. குரல் பெண் குரல் என்பது இரண்டாவது காரணம்தான்.

பார்ட்டி லோடு சொன்னால் உடனே வாடகை சொல்லாதீர்கள். என்ன சரக்கு, நனைந்தால் கெடுமா, எத்தனை டன், ஒரே இடத்தில் ஏற்றுகிறார்களா, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யார் தலையில், நகரத்துக்குள் லாரி நுழையத் தடை நேரம் உண்டா, இறக்க நாளானால் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு ஹால்டிங் சார்ஜ் தருவார்கள் என்று கேளுங்கள். கடைசியாக, அட்வான்ஸ் எவ்வளவு, பேலன்ஸ் எத்தனை நாளில். பேசி முடித்ததும் அத்தனையையும் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பி, "சரிங்களா?" என்று கேட்டு, அவர் "சரி" என்று போட்ட பிறகே வண்டியை அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் தொழில் செய்த பழைய ஆட்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஹால்டிங் பணம் கேட்டு நீங்கள் சண்டை போடும் நாளில் அந்த ஒரு "சரி" உங்கள் பக்கம் நிற்கும்.

எடையும் தாளும்

காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, லோடு ஏற்றி ஒரு சீட்டு. இரண்டும் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. 2018இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. இது வண்டியின் சொந்த எடையும் சேர்த்து. பாடியைப் பொறுத்து சரக்கு 18 டன் அல்லது கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். "இன்னும் ரெண்டு டன் போட்டுக்கலாம், எல்லாரும் போடுறாங்க" என்று பார்ட்டி சொல்வார். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. இந்தக் கணக்கைச் சொல்லி மறுங்கள். பயந்து மறுப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது இ-வே பில், சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் தாள். மாநிலம் தாண்டிப் போகும் சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு வரம்பு 1 லட்சம். இதில் இரண்டு பகுதி: சரக்கு விவரம் ஒன்று, வண்டி எண் இன்னொன்று. வண்டி எண் ஏற்றியதிலிருந்துதான் நாள் கணக்கு ஓடும். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு 1 நாள். சேலம் முதல் மும்பை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் என்றால் 6 நாள். முதல் நாள் என்பது மறுநாள் நள்ளிரவில் முடிகிறது. திங்கள்கிழமை போட்டால் ஞாயிறு நள்ளிரவு வரை. வழியில் வண்டி பழுதானால் காலாவதிக்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரை நீட்டிக்கலாம். இந்த 16 மணி நேரம் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் புது எண்ணை ஏற்றாமல் ஒரு கிலோமீட்டர்கூட நகர்த்தாதீர்கள்.

இ-வே பில் வந்த புதிதில், 2018இல், எங்கள் ஆபீசில் டி.என். 52 என்பதை டி.என். 25 என்று அடித்துவிட்டார்கள். சங்ககிரி வண்டி தாளில் திருவண்ணாமலை வண்டியாகிவிட்டது. பக்கத்து மாநிலத்தில் பறக்கும் படை மடக்கியது. அந்த டிரைவர் அண்ணன் இரண்டு ராத்திரி வண்டிக்குள்ளேயே கிடந்தார். அந்த வருடம் செப்டம்பர் 14 அன்று மத்திய ஜி.எஸ்.டி. வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. வண்டி எண்ணில் ஓரிரு இலக்கப் பிழை போன்ற சின்னத் தவறுகளுக்கு மத்திய வரிக்கு 500, மாநில வரிக்கு 500 என்று அபராதம் கட்டி விட்டுவிடலாம் என்றது. அந்தச் சுற்றறிக்கையின் எண் 64. அதை அச்செடுத்து எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றிலும் வைத்திருக்கிறோம். அதைவிட நல்லது, எண்ணை அடிப்பவர் ஒருவர், ஆர்.சி.யைப் பார்த்துச் சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று பழக்குவது.

உங்கள் பெயரில் பில்டி, அதாவது சரக்கு ஏற்றியதற்கான ரசீது, போடுகிற நிலைக்கு வந்தால், 2007ஆம் ஆண்டு சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி போக்குவரத்துத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு 10 வருடம் செல்லும். சரக்கு தொலைந்தாலோ கெட்டாலோ, அனுப்புகிறவர் அதிக மதிப்பை முன்பே அறிவிக்காத பட்சத்தில், உங்கள் பொறுப்பு வாடகையின் 10 மடங்கு வரைதான் என்று அதன் விதி சொல்கிறது. பில்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை ஒரு தடவையாவது உட்கார்ந்து படியுங்கள்.

பேலன்ஸ் வாங்குவது

வண்டி கிளம்பும்போது வாடகையில் பெரும்பகுதி அட்வான்ஸாக வந்துவிடும். மிச்சம், இறக்கிய இடத்தில் சீல் போட்டுக் கையெழுத்திட்ட பில்டி திரும்பி வந்த பிறகுதான். லாபம் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. அட்வான்ஸ் முழுக்க டீசலிலும் டோலிலும் போய்விடும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் வண்டி மும்பையில் ஜவ்வரிசி இறக்கியது. மூன்று மூட்டை நனைந்திருந்தது. குடோன்காரர் நீட்டிய தாளில் டிரைவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். பிறகு அந்தத் தாளில் மூன்று மூட்டை பதினேழு மூட்டை ஆகியிருந்தது. பேலன்ஸ் மொத்தமும் போனது. அன்றிலிருந்து எங்கள் டிரைவர்களுக்கு ஒரே விதி: தார்ப்பாய் பிரிக்கும்போது ஒரு போட்டோ, இறக்கி முடித்ததும் ஒரு போட்டோ, கையெழுத்துப் போட்ட பில்டியில் சேர்ந்த தேதியும் நேரமும் குறையும் எழுதிய பிறகு ஒரு போட்டோ. மூன்றும் ஆபீசுக்கு வந்து நான் "சரி அண்ணா" என்று சொன்ன பிறகே கேட்டைத் தாண்ட வேண்டும். எழுதப் படிக்கச் சிரமப்படுகிற டிரைவராக இருந்தால் வீடியோ கால் போட்டு எழுத்தை எனக்குக் காட்டுவார்.

பணம் கேட்டுப் போன் செய்ய நம் பெண்களுக்குக் கூச்சம் உண்டு. எனக்கும் இருந்தது. தேதி சொல்லி ஆரம்பித்தால் கூச்சம் போய்விடும். "பதினாலாந் தேதி பி.ஓ.டி. குடுத்துட்டோம்ங்க, இன்னிக்கு இருபத்தொன்பது, பதினஞ்சு நாள்னு பேசினது." பி.ஓ.டி. என்பது இறக்கிய இடத்தில் கையெழுத்தான அந்த பில்டிதான். கெஞ்சலும் வேண்டாம், கோபமும் வேண்டாம்.

ஒரு டிரிப்பின் கணக்கு

கணக்குப் பழகுவதற்காக ஒரு டிரிப் எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து மும்பைக்கு 18 டன், டன்னுக்கு 3,500 ரூபாய். வாடகை 63,000. லோடு வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தந்தால் 300 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 27,600. டோல் 9,500, டிரைவர் படி 6,000, கூலியும் வழிச் செலவும் 2,500, புரோக்கர் கமிஷன் 1,500. மொத்தம் 47,100. கையில் 15,900.

நல்ல லாபம் போலத் தெரிகிறது. வண்டி மும்பையிலிருந்து காலியாகத் திரும்பினால்? காலி வண்டி 5 கிலோமீட்டர் தரும். 240 லிட்டர், 22,080 ரூபாய். டோல் மறுபடி 9,500. ஆக 31,580. மொத்த டிரிப்பில் 15,680 ரூபாய் நட்டம். தவணை, இன்சூரன்ஸ், டயர் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

ஆகவே வண்டி போகும்போதே ரிட்டர்ன் லோடு தேட வேண்டும். நாசிக் வெங்காயம், குஜராத் மோர்பி டைல்ஸ், நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் என்று எங்கள் பக்கத்து வண்டிகளுக்குத் தெரிந்த வழிகள் உண்டு. மும்பையில் இரண்டு நாள் காத்திருப்பதா, நாசிக்குக்குக் காலியாகப் போய் ஏற்றுவதா என்று முடிவெடுப்பதுதான் இந்தத் தொழிலின் மூளை வேலை. அதற்கு வெளியூர் ஆபீஸ்காரர்களின் பழக்கம் வேண்டும். ஓரளவு இந்தி பேசக் கற்றுக்கொள்ளுங்கள். நான் இந்தி கற்றது முழுக்க போனில்தான், பாதி நாசிக் வெங்காய மண்டிக்காரர்களிடம்.

ஆபீசில் நம் பாதுகாப்பு

டிரைவர்களைப் பற்றி வெளியே இருக்கிற பேச்சுக்கும் நான் கண்டதற்கும் நிறைய தூரம். பேர் சொல்லி "அண்ணா" என்று கூப்பிட்டு, படியைச் சொன்ன நாளில் கொடுத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தை நினைவில் வைத்திருந்தால் உங்களுக்காக எதையும் செய்வார்கள். எனக்குத் தொல்லை வந்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆட்களிடமிருந்துதான்.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். புக்கிங் ஆபீசுகளில் பெரும்பாலும் நாலைந்து பேர்தான். அப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்பவர்கள் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். முதலாளி மேலேயே புகார் என்றாலும் அங்கேதான். பெண்கள் உதவி எண் 181, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. சொந்த எண்ணைப் பார்ட்டிகளுக்குக் கொடுக்காதீர்கள். ஆபீஸ் எண் ஒன்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். நடுராத்திரி வரும் அழைப்புகளில் பாதி அதோடு நின்றுபோகும்.

ஸ்டியரிங் பிடிக்க விரும்பினால்

இலகு ரக லைசென்ஸ் 18 வயதில் எடுக்கலாம். கனரக வாகனத்துக்கு வயது 20 ஆகியிருக்க வேண்டும், இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதி 2019இல் நீக்கப்பட்டது. படிப்பை நினைத்துத் தயங்க வேண்டாம். மருத்துவச் சான்று வேண்டும், லைசென்ஸ் 5 வருடம் செல்லும். பெட்ரோல், கேஸ் டேங்கர் ஓட்ட ஆபத்தான சரக்குக்கான தனிப் பயிற்சியும் அதற்கான பதிவும் தேவை. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது.

நேராக பத்துச் சக்கரத்துக்குப் போகாதீர்கள். குட்டி யானை, தோஸ்த், பிக்கப் போன்ற சின்னச் சரக்கு வண்டிகளில் தொடங்குங்கள். 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிகளை இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊருக்குள் ஓட்டம், ராத்திரி வீடு திரும்பலாம், ரிவர்ஸ் எடுப்பதும் லோடு கட்டுவதும் கைவந்துவிடும்.

பெரிய வண்டியில் கஷ்டம் ஸ்டியரிங்கில் இல்லை, இப்போதெல்லாம் பவர் ஸ்டியரிங்தான். கஷ்டம் கழிவறைக்கும் தூக்கத்துக்கும். எண்ணெய் நிறுவனங்களின் பெரிய பெட்ரோல் பங்க்குகளைப் பார்த்து, எங்கே நிறுத்துவது என்று கிளம்பும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களில் நீண்ட ஓட்டம் வேண்டாம் என்றால் முதலாளியிடம் வெளிப்படையாகச் சொல்லி, அந்த வாரம் பக்கத்து லோடு கேளுங்கள். எங்களிடம் ஓட்டுகிற பெண்ணுக்கு அப்படித்தான் செய்கிறோம், வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முதல் ஆறு மாதம் அனுபவப்பட்ட ஒருவரோடு மட்டும் போங்கள். அவர் யார் என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்து ஓட்ட வந்தார். 2021இல் திருச்சூர்க்காரி டெலிஷா டேவிஸ் கொச்சியிலிருந்து மலப்புறத்துக்கு எரிபொருள் டேங்கர் ஓட்டுவது செய்தியானது. அப்பா டேங்கர் டிரைவர், மகள் கூடப் போய்ப் பழகியிருக்கிறார். உங்கள் வீட்டில் அப்படி ஒரு அப்பாவோ அண்ணனோ இருந்தால் அதைவிட நல்ல பயிற்சிப் பள்ளி கிடையாது.

துறைமுகப் பக்கம்

எனக்கு இதில் நேரடி அனுபவம் குறைவு, ஆனால் என்னிடம் பழகிய இரண்டு பெண்கள் இப்போது தூத்துக்குடியில் இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கன்டெய்னர்கள் அங்கேதான் போகின்றன. சுங்க முகவர் அலுவலகத்தில் எச் கார்டு என்ற தொடக்கநிலை அனுமதி அட்டையில் தொடங்கி, தேர்வு எழுதி ஜி கார்டு, பிறகு எஃப் கார்டு என்று மேலே போகலாம். சம்பளமும் படிப்படியாக ஏறும். ஆங்கிலமும் கணினியும் கைவசம் இருந்தால் இதையும் யோசியுங்கள்.

லாரி உங்கள் பேரில் இருந்தால்

வீட்டுப் பெண் பேரில் லாரி எடுப்பது எங்கள் பக்கம் வழக்கம். பைனான்ஸ் தாளில் கையெழுத்துப் போட்டதோடு அவர் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். விபத்து நடந்த நாளில் இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் இழப்பீடு உங்கள் தலையில். டிரைவருக்குச் சரியான லைசென்ஸ் இல்லையென்றால், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தைக்கூட உங்களிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். வண்டியை விற்றுவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விட்டாலும் பொறுப்பு பழைய பெயர்மேல்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவரை இழந்த ஒரு அக்கா, எப்போதோ விற்ற வண்டிக்காக மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்கு அலைந்ததை நான் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். வண்டி யாரிடம் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

உங்கள் பேரில் வண்டி இருந்தால் இன்று சாயங்காலமே எம்-பரிவாகன் செயலியில் அதன் எண்ணை அடியுங்கள். இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்று), பர்மிட், சாலை வரி, புகைச் சான்று ஆகியவை முடியும் தேதிகளை நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதுங்கள். எஃப்.சி. முதல் 8 வருடம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். டிரைவரின் லைசென்ஸை வாங்கி, அதன் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: "போன டிரிப்புக்கு பேலன்ஸ் வந்துச்சா? எவ்வளவு?"